உப்புப் பார்க்காத தபசுகாலம்

இங்கே உட்காரலாமா அக்கா? நிழல் என்று இருப்பது இந்த ஒரு புளியமரத்தடிதான். எங்கள் வண்டி மாட்டுக்கு லாடம் கழன்றுவிட்டது. அதோ, கீழே தள்ளிக் காலைக் கட்டியிருக்கிறார்களே, அந்த மயிலைதான். பக்கத்தில் நின்று லாடக்காரரோடு மல்லுக்கு நிற்கிறவன் சுடலை, எங்கள் வண்டிக்காரன். அவன் வாயை மூடினால் லாடம் சீக்கிரம் ஏறும். மூடமாட்டான்.

என் பேச்சைப் பார்த்து எந்த ஊர் என்று யோசிக்கிறீர்கள், தெரிகிறது. எல்லாரும் கேட்பார்கள். இது மடத்துப் பேச்சு. என்னைப் பெற்றுப் போட்டதும் அம்மா போய்விட்டாள். அப்பா உபதேசியார், கோவில் கோவிலாக அலைகிறவர், என்னைக் கன்னியாஸ்திரீகள் மடத்தில் விட்டுவிட்டார். வாசிக்க, எழுத, நூலில் ரேந்தை பின்ன, பூசைக்குப் பாட, எல்லாம் அங்கேதான் படித்தேன். ஏளா வாளா என்று ஊர்ப்பேச்சு வாயில் வந்தால் உதட்டில் ஒரு தட்டு விழும். மதலேனம்மாள் என்று முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இப்போது அந்த மடத்துக்குத்தான் போகிறேன். ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு திருநாள் வரைக்கும் அங்கேதான். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இவனா? இன்னாசி. ஆண்பிள்ளைதான். வழியெல்லாம் அழுதுவிட்டு இப்போதுதான் கண் அசந்திருக்கிறான்.

அந்த ஓலைக் கொட்டானில் என்ன அக்கா, இப்படி மணக்கிறது? மகளுக்கா? பிள்ளை பெற்றிருக்கிறாளா, நல்லது, நல்லது. சுறாப்புட்டா! பால் ஊறவா? கொஞ்சம் அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தப்பாக நினைக்க வேண்டாம். எனக்கு ஒருசந்தி. பாஸ்குக்கு முந்தின நாற்பது நாள், தபசுகாலம் முழுக்க ஒருநேரக் கஞ்சிதான். பூண்டு நிறையப் போட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. சரி, தள்ளி வையுங்கள்.

சுறா என்ற பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. அந்தச் சுறாவால்தான் நான் வீட்டை விட்டு இறங்கினேன். நீங்களே சொல்லுங்கள், ஒரு மாமியார் மருமகளுக்குச் செய்கிற காரியமா அது? என்ன காரியம் என்றால் முதலில் இருந்து சொன்னால்தான் புரியும்.

எங்கள் வீடு ஊருக்குள் இல்லை. மேலப்பத்து வயலுக்கு நடுவே, களத்தை ஒட்டி வீடு. நாலு பக்கமும் நெல். தபசுகாலமும் பிசான அறுப்பும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக வந்து நிற்கும். கோழி கூவுமுன் உரலில் கம்பு விழ வேண்டும். அறுப்பாட்களுக்குக் காலையில் கூழ், மத்தியானம் சோறும் பருப்புக் குழம்பும் ஒரு வெஞ்சனமும். சோற்றுப் பானை என்றால் நான் உள்ளே இறங்கி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லலாம், அவ்வளவு பெரிது. வடித்த கஞ்சி தனிச் சால் நிறைய நிற்கும், மாட்டுக்கு. புளி கரைத்துக் கரைத்து என் விரல் இடுக்கு வெந்துபோயிற்று. மடத்தில் எங்களை அடுப்படிக்குள் விட்டதே இல்லை அக்கா. கையில் கரி பட்டால் ரேந்தை நூல் கறுத்துவிடும். இந்தக் கையைப் பாருங்கள் இப்போது.

மாமி பெயர் சவரியாயி. எல்லாம் அவர்கள் ராஜ்யம். குலுக்கையில் எவ்வளவு நெல் இருக்கிறது என்று வெளியில் தட்டிப் பார்த்தே சொல்வார்கள். ஒரு எழுத்துத் தெரியாது. பூசையில் எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் முழந்தாளில் இருப்பார்கள், முழந்தாளில் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்துப் பெண்ணிடம் எருமை விலை கேட்பார்கள். என்னை 'மடத்துக்காரி' என்றுதான் சொல்வது. 'எங்க மடத்துக்காரி அடுப்ப ஊதுனா அடுப்புக்கே ஞானஸ்நானம் ஆயிரும்' என்று நெல் குத்த வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்கள். நான் பொறுத்துக்கொள்வேன். பொறுமை எனக்குப் பழக்கம்.

ஒருசந்தி ஏன் என்று கேட்கிறீர்களா? இவனுக்காகத்தான். வேறு எதற்கு?

இவனுக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை பிறந்தாள். பிலோமினாள். ஞானஸ்நானத்துக்கு நானே ரேந்தை பின்னிச் சட்டை தைத்தேன். அந்தச் சட்டையோடுதான் அடக்கம் பண்ணினோம். வேறு சட்டை அளவெடுக்கிற வயது வரவில்லை. அதை விடுங்கள்.

இவன் வயிற்றில் இருக்கும்போது வியாகுல மாதா சுரூபத்துக்கு முன்னால் நேர்ந்துகொண்டேன். இவனை உயிரோடு கொடு தாயே, உயிரோடு வைத்திரு, வருகிற தபசுகாலம் முழுக்க நான் ஒருசந்தி. எண்ணெய் இல்லை, நெய் இல்லை, பால் மோர் இல்லை, மீன் இல்லை. ஒருநேரக் கஞ்சி தவிர நாக்கில் ஒன்றும் படாது. ஒன்றும் படாது என்றால் ஒன்றும் படாது.

பங்குச் சாமியார் கூப்பிட்டுச் சொன்னார், 'பால் கொடுக்கிற தாயிடம் திருச்சபை ஒருசந்தி கேட்கவில்லை, அம்மா' என்று. கேட்காததைக் கொடுப்பதுதானே காணிக்கை? கேட்டதைக் கொடுத்தால் அது வரி. நான் அப்படியே சொன்னேன். அவர் மூக்குப்பொடி டப்பியைத் தேடினார். எனக்கு முன்னால் மாமி போய் அவரிடம் ஓதி வைத்திருப்பார்கள், எனக்குத் தெரியாதா?

முதல் சண்டை உப்பில் வந்தது.

சமைக்கிறவள் உப்புப் பார்க்க வேண்டும் அல்லவா? நான் பார்க்கமாட்டேன். நாக்கில் படாது என்று நேர்ந்தாயிற்று. கண் அளவாகப் போட்டேன். மாமி அகப்பையோடு வந்து நிற்பார்கள். 'ஏளா, ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்துட்டுத் துப்பிரு. உப்புப் பாத்தா ஒருசந்தி முறியாது.' நான் வாயை இறுக்கி மூடிக்கொள்வேன். 'என்னளா, உன் வாய்க்குள்ள என்ன, நற்கருணையா இருக்கு, இப்படிப் பூட்டி வச்சிருக்கே?' எப்படிப்பட்ட பேச்சு, பாருங்கள்.

ஒருநாள் குழம்பில் நான் உப்புப் போட்டுவிட்டேன். இவள்தான் பார்க்கமாட்டாளே என்று மாமி வந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர்கள் பங்குக்கு ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். களத்தில் இலை போட்டு அத்தனை பேரும் உட்கார்ந்து, முதல் வாயிலேயே நிறுத்திவிட்டார்கள். அறுப்பாட்களுக்குத் தலைவன் பிச்சாண்டி என்று ஒருவன், எழுந்து நின்று கும்பிட்டான். 'சின்னம்மா, இன்னைக்குக் கொழம்பக் கடல்லேருந்து நேரா மோந்துட்டு வந்திட்டியளோ?' களமே சிரித்தது. என் வீட்டுக்காரர், தொம்மை, தலை குனிந்துகொண்டே தண்ணீர் ஊற்றி ஊற்றித் தின்றார். வீட்டுக்கு வந்து ஒரே வார்த்தைதான் சொன்னார். 'ரெண்டு பேருல ஒருத்தராவது நாக்குள்ளவுக சமைங்க.' என் பக்கம் பேச ஒரு ஆள் அந்த வீட்டில் உண்டா?

அன்றிலிருந்து மாமியே உப்புப் பார்த்தார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கேட்கிற மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள்.

பிள்ளையைத் தருகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கொஞ்சம் கண்ணைக் கட்டுகிறது. வெயில்தான். எழுந்திருக்கிற நேரத்தில் இப்படி வரும், நின்றுவிடும். கனமே இல்லையா? ஆமாம், பூப்போல இருப்பான். தூக்கிக்கொண்டு வேலை செய்ய எனக்குச் சுகம். சுத்தமான பிள்ளை அக்கா. எங்கள் வீட்டுக்கு நெல் குத்த வருகிற பேச்சியம்மாளுக்கு ஒரு பேரன் இருக்கிறான், அவளுக்கு நாள் முழுக்கத் துணி அலசுகிற வேலை. எனக்கு அந்தத் தொல்லையே கிடையாது.

இன்னொன்று சொல்கிறேன், வெளியில் சொல்லக்கூடாது. ஒரு புனிதர், அர்ச்சியசிஷ்டவர், கைக்குழந்தையாக இருக்கும்போதே வெள்ளிக்கிழமை தோறும் தாய்ப்பாலை ஒதுக்கிவிடுவாராம். மடத்தில் பெரிய சிஸ்டர் சொல்லியிருக்கிறார்கள். பால் குடிக்கிற வயதிலேயே ஒருசந்தி! இவனும் அப்படித்தான் செய்கிறான். முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வாயில் வைத்தால் இரண்டு இழுப்பு, பிறகு முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு ஒரே அலறல். வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை, இப்போதெல்லாம் எந்த நாளும். நான் மாமியிடம் சொன்னேன். மாமி இவனை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். 'ஏ கிறுக்கி, அவன் ஒருசந்தி இருக்கல. அங்க ஒண்ணும் இல்ல, அதான் அழுவுதான்.'

அங்கே ஒன்றும் இல்லையாம்! ஒரு தாயைப் பார்த்துச் சொல்கிற பேச்சா?

அப்புறம் தாது வருஷக் கதை ஆரம்பித்துவிடும். 'தாது வருசப் பஞ்சத்துல நான் பாத்த பட்டினி ஏழு சென்மத்துக்குக் காணும். வீட்டுல நெல்லக் கொட்டி வச்சிட்டு எவளாவது வயித்தக் காயப்போடுவாளா? மாதாவும் புள்ள பெத்தவ தானளா, அவகிட்டப் போயி இப்படி நேந்துட்டு வந்திருக்கியே.' மாதாவைப் பற்றி மேலப்பத்தில் எருமை மேய்க்கிறவளைப் பேசுகிற மாதிரிப் பேசுவார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு மங்கள வார்த்தை செபம் சொல்வேன்.

இருங்கள், விஷயத்துக்கு வருகிறேன். நடுவில் ஒரு வாரம், என்ன சொல்ல, மோட்சம் மாதிரி ஒரு வாரம் வந்தது. மாமி சண்டையை நிறுத்திவிட்டார்கள். என் கஞ்சியை அவர்களே தனியாகக் காய்ச்சி, மூடி, 'குடிளா' என்று வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கஞ்சி என்ன ருசியாக இருந்தது தெரியுமா? வெறும் கஞ்சிக்கு இத்தனை ருசியா என்று எனக்கே ஆச்சரியம். பசியின் ருசி, பரித்தியாகத்தின் ருசி என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கக் கூச்சமாக இருந்தது, கேட்டு வாங்கினேன். இந்தப் பயலும் அந்த வாரம் அழவே இல்லை. குடித்தான், தூங்கினான், எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். என் ரவிக்கையெல்லாம் நனைந்து கிடந்தது. மாதா என் நேர்ச்சையை ஏற்றுக்கொண்டாள் என்று நான் கோவிலில் போய் அழுதேன் அக்கா. சந்தோஷத்தில் அழுதேன்.

வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து வந்து கஞ்சி குடிக்கிறேன். பல்லில் ஏதோ சொரசொரவென்று பட்டது. எடுத்துப் பார்த்தால், மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி ஒரு துண்டுத் தோல். சுறாத் தோல்! சுறாவைப் பூண்டோடு வேகவைத்து, சாற்றை வடித்துக் கஞ்சியில் விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வாரம் முழுக்க! நேர்ந்துகொண்ட வாயில்! அதுவும் வெள்ளிக்கிழமை!

கிண்ணத்தைக் களத்தில் வீசினேன். மாமி ஓடி வந்து மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, 'ஆமளா, போட்டேன். சல்லடையில ஓட்ட விழுந்திருக்கு, அதான் தோலு வந்திட்டு' என்றார்கள். சல்லடையில் ஓட்டையாம். செய்த பாவத்துக்கு வருத்தம் இல்லை, சல்லடைக்கு வருத்தம்.

அன்றிலிருந்து என் கஞ்சியை நானே காய்ச்சிக்கொண்டேன். முறிந்துபோன நாட்களுக்கு ஈடாக, இருக்கிற கஞ்சியிலும் பாதியைக் குறைத்துக்கொண்டேன். என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? நேர்ச்சை முறிந்ததற்குத் தண்டனை வந்துவிட்டது. இவன் பழையபடி அழ ஆரம்பித்துவிட்டான். முன்னைவிட அதிகம். மாமி செய்த தப்புக்கு என் பிள்ளை அனுபவிக்கிறான். இவன் அழும்போதெல்லாம் அக்கா, மாதா கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாளோ, எடுத்துக்கொள்வாளோ என்று அதே நினைவு. இந்த வீட்டில் இருந்தால் இன்னும் எதையாவது கரைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் மடத்துக்குக் கிளம்பினேன். அங்கே ஒருவரும் சுறா போடமாட்டார்கள். முப்பது பெண்பிள்ளைகள், அத்தனை பேரும் தபசுகாலத்தில் ஒருசந்திதான். அழுகைச் சத்தம் ஒன்று கேட்காது. கைக்குழந்தை? கைக்குழந்தை அங்கே எப்படி இருக்கும் அக்கா, மடம் அது.

மாமி தடுக்கவில்லை. வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பாதி வழியில் பார்க்கிறேன், வைக்கோலுக்கு அடியில் ஒரு சட்டி, வாயைத் துணியால் கட்டி. திறக்கவே இல்லை நான். மணத்திலேயே தெரிந்துபோயிற்று. எடுத்துச் சுடலையிடம் கொடுத்தேன். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் சட்டி, வழித்து நக்கிவிட்டுத் திரும்பி என்னிடம் சொல்கிறான், 'சின்னம்மா, பெரியம்மா உப்பு இன்னைக்கு ரொம்ப எதம்' என்று.

என்ன அக்கா, ஏன் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள்?

மாற்றுத் துணியா? மூட்டையில் இருக்கிறது, ஆனால் வேண்டியதில்லை. காலையில் கட்டினதுதான் கட்டியிருக்கிறான். தொட்டுப் பாருங்கள், காய்ந்துதான் இருக்கும். சொன்னேனே, சுத்தமான பிள்ளை.

நேற்றா? நேற்று சாயங்காலம் ஒருதடவை நனைத்தான். இல்லை, அது நான் கை கழுவின தண்ணீர் பட்டது. அதற்கு முன்னால்... முந்தாநாள்... அடுப்படியில் ஆள் கூட்டம், நான் கவனிக்கவில்லை. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வெயில் காலம். வெயிலில் துணி சீக்கிரம் காய்கிறது.

நாக்கைக் காட்டுகிறானா? எங்கே? ஏன் இப்படி வறண்டிருக்கிறது?

பிலோமினாளுக்கும்... அவளுக்கு அன்றைக்குப் பேதி நின்றுவிட்டது, அழுகையும் நின்றுவிட்டது. நான் நல்லதென்று நினைத்தேன். துணி காய்ந்தே கிடந்தது. மாமி வந்து அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தாங்க. போனாங்க. திரும்பவும் வந்து தொட்டுப் பார்த்தாங்க. ராத்திரி மாமியும் எங்க வீட்டுக்காரரும் வெளிய நின்னு குசுகுசுன்னு பேசிட்டு நின்னாவ. நான் இருந்து ரேந்த பின்னிக்கிட்டிருந்தேன் அக்கா. தொவைக்கிற வேல மிச்சம்னு சொல்லிக்கிட்டு ரேந்த பின்னிக்கிட்டிருந்தேன்.

அவன இப்படித் தாங்க. தாங்க அக்கா. முழிச்சிட்டான். அழுவுதான் பாருங்க, சத்தமே வரல.

அந்தக் கொட்டானத் தள்ளுங்க இப்படி.

ஒண்ணுமில்ல. பேறுகாலக்காரிக்குக் கொண்டு போறீங்க. உப்பு கூடிருந்தா அந்தப் பொண்ணு தொட மாட்டா. அவ்வளவு தூரம் சொமந்துட்டுப் போயி வீணாப் போயிரும். நான் பாத்துச் சொல்லுதேன். உப்புப் பாத்தா ஒருசந்தி முறியாது. எங்க மாமி சொல்லுவாங்க. எங்க மாமிக்கு அதெல்லாம் நல்லாத் தெரியும்.

ம்.

இந்த ஓரத்துல சரியாத்தான் இருக்கு. நடுவுல எப்படின்னு தெரியலயே. மேல உள்ளதுல உப்பு நிக்காது, அடியில எறங்கிரும். இருங்க.

பூண்டு நல்லா வெந்திருக்கு. பொண்ணு எந்த ஊருல இருக்கா? முதப் பேறா? சொகமா இருப்பா. நீங்க இருக்கீங்க, சொகமாத்தான் இருப்பா. அந்தச் செம்புல தண்ணியா? கருப்பட்டித் தண்ணியா? குடுங்க. அதையும் பாத்துருதேன்.

பிடி ராசா. பிடிச்சுக்கோ. அழாத, அம்மா உப்புத்தான் பாக்கேன். பிடிச்சுக்கோய்யா. இழு. ஒண்ணும் வரலைன்னாலும் இழு, வந்துரும். போன தடவ வந்துச்சுல்லா, வந்துரும்.

என்னலே சுடலை? லாடம் ஏறிட்டா? பூட்டப்போறியா? பூட்டு. மடத்துக்கு இல்லலே, மேலப்பத்துக்குத் திருப்பிப் பூட்டு. ஏன்னு கேக்காத. அறுப்பாளுக்குச் சோறு பொங்க ஆளு வேண்டாமா, மாமி ஒத்தையில கெடந்து அல்லாடுவாக. என்ன பல்லக் காட்டுத? ஒழுங்கா மாட்டக் கொண்டாந்து பூட்டு.

அதுக்குள்ள கூப்பிடாத. பொறு. நான் இன்னும் உப்புப் பாத்து முடிக்கல.